உங்களுக்கு ஏன் கரைச்சல்?

எங்கள் மூத்தம்மாவின் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும் வசனம் இது. "பிளேன்டீ ஊத்தட்டா மூத்தம்மா?" என்று கேட்டால், "உங்களுக்கு ஏன் கரைச்சல்?" "ஃபேனைக் கூட்டி விடட்டா?" என்றால், "உங்களுக்கு ஏன் கரைச்சல்?" பக்கத்து வீட்டு முதியவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்பதால் நாங்கள் அதைப் பணிவு என்றே எடுத்துக்கொண்டோம். அது பணிவு மட்டுமல்ல என்பது கடந்த வருடம் ஓகஸ்ட் மாதத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும் உம்மா, "வீட்டு விசயத்தையெல்லாம் சஞ்சிகையில போடுறதா?" என்று தயங்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, போடு. நாலு வீட்டுக்குப் பிரயோசனப்படும்" என்றார்.

கிழக்கில் பிறந்தவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து படிக்கும் தோழியருக்காக ஒரு வார்த்தை சொல்கிறேன். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, தன்னிடமுள்ள மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகிறது. அங்கே குடை பிடிக்கும் அதே நாட்களில் இங்கே கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இந்தக் காற்றில் ஒரு மோசம் இருக்கிறது. வியர்வை உடம்பில் நிற்காது, வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று முதியவர்கள் சொல்வதை நாங்களும் நம்பிவிடுகிறோம். கொடியில் உள்ள துணிக்கு நடப்பதுதான் அவர்களுக்கும் நடக்கிறது.

அப்படியொரு கச்சான் கிழமையில், ஒரு நாள் அஸருக்குப் பிறகு, மூத்தம்மா என்னை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது மௌத்தாகிப் பன்னிரண்டு வருடமான அவருடைய தங்கச்சியின் பெயர். சிரித்துக்கொண்டே "நான் உங்கட பேத்தி மூத்தம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆற்றங்கரைக்குப் போக நேரமாகிவிட்டது என்றார். ஆற்றங்கரையில் குளித்த காலமெல்லாம் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது.

வீட்டில் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். மாமி, "வயசு போனா மறதி வரும்தானே" என்றார். அடுத்த வீட்டிலிருந்து வந்தவர் ஓதிப் பார்க்கச் சொன்னார். கட்டாரிலிருந்து தொலைபேசியில் பேசிய மாமா, "உம்மாவுக்கு ஓய்வு குடுங்க, நித்திரை கொள்ளட்டும்" என்றார். மூத்தம்மாவும் நித்திரைதான் கொண்டார். மறுநாள் காலையில் எழுப்பி உட்கார வைத்தபோது தலை சுற்றிக் கட்டிலிலேயே சரிந்தார். வாப்பா ஓட்டோ பிடித்து வந்தார்.

வைத்தியசாலையில் இருந்த டொக்டர் இளையவர். பிரஷர் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மிகச் சாதாரணமான ஒரு கேள்வி கேட்டார்: "நேற்று எத்தனை தரம் சிறுநீர் கழித்தார்?"

உம்மா என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மூத்தம்மாவுடன் சேர்த்து ஆறு பேர். தொலைபேசியில் எவ்வளவு டேட்டா மிச்சமிருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

மறதி நோய் எதுவும் இல்லை. உடம்பில் நீர் வற்றி, இரத்தத்தில் உப்பின் அளவு ஏறியிருந்தது. இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் மூத்தம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அன்றிரவு அவரோடு நான்தான் நின்றேன். கண்ணை மூடிக் கதிரையில் சாய்ந்திருந்தேன். தாதி மெதுவான குரலில், "ஏன் உம்மா தண்ணி குடிக்கிற இல்ல?" என்று கேட்டது காதில் விழுந்தது. மூத்தம்மா சொன்னார்: "குடிச்சா ராவைக்கு எழும்பணுமே மகள். தனியப் போக ஏலாது. ஒராளை எழுப்பணும். படிக்கிற புள்ள, சோதனைக் காலம். அதுக்கு ஏன் கரைச்சல்? அஸரோட நிப்பாட்டிருவன்."

படிக்கிற புள்ள நான்தான். அதற்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு இரவு, மறுநாள் எனக்கு இரசாயனவியல் தவணைப் பரீட்சை. இரண்டு மணியளவில் மூத்தம்மா கூப்பிட்டார். அந்த இரவில் அது மூன்றாவது தடவை. "இப்பதானே மூத்தம்மா போய் வந்தீங்க!" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்தான், ஆனால் போகும் வழியெல்லாம் முகத்தை உம்மென்று வைத்திருந்தேன். மறுநாள் அதை மறந்தும் போனேன். அவர் மறக்கவில்லை. அன்று முதல் இரவில் அவர் என்னை எழுப்பவே இல்லை. நான் அதை நிம்மதியாக எடுத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உயிரியல் பிரிவில் படிப்பவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு நீர். முதுமையில் அது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் நீரைச் சேர்த்து வைத்திருக்கும் தசை குறைந்துபோகிறது. சிறுநீரகம் முன்புபோல நீரை மிச்சம் பிடிக்காது. எல்லாவற்றிலும் மோசம், தாகம் என்ற மணி தாமதித்தே அடிக்கிறது, சிலருக்கு அடிப்பதே இல்லை. ஆகவே "தாகம் வந்தா கேட்பாங்கதானே" என்று இருப்பது பிழை. இதற்கு மேல், பிரஷருக்குத் தரும் குளிசைகளில் சில நீரை வெளியேற்றுபவை. மூத்தம்மா அதை மற்றக் குளிசைகளோடு சேர்த்து இரவில் போட்டுவந்தார். அதுதான் இரவில் மூன்று தரம் எழுப்பியது. டொக்டர் அதைக் காலைக்கு மாற்றித் தந்தார். எத்தனை மாதமாக எங்கள் வீட்டு மேசையில் கிடந்த குளிசை அது! ஒருவரும் கேட்கவில்லை.

ஆனாலும் உயிரியலும் குளிசையும் பாதிக் கதைதான். மற்றப் பாதி எங்கள் வீட்டின் அமைப்பில் இருக்கிறது. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பது வழக்கம். மூத்தம்மாவும் மூத்தாப்பாவும் கட்டிய வீடு இது. உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் பக்கத்து அறைக்கு மாறினார்கள். மூத்தாப்பா மௌத்தான பிறகு அந்த அறையில் மூத்தம்மா தனி. பிறகு வாப்பா முன்பக்கத்தில் புது அறைகள் கட்டினார், மாபிள் பதித்தார், உள்ளே கொமட் வைத்த குளியலறையும் கட்டினார். மூத்தம்மா பாவிப்பது இன்னும் வளவுக்குள் இருக்கும் பழையதைத்தான். இரண்டு படி இறங்க வேண்டும், பாசி பிடித்த சீமெந்து, வெளிச்சம் இல்லை. "உள்ளுக்குள்ள இருக்கிறத பாவிங்க" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறோம். அதற்கு வரவேற்பறையைத் தாண்டி, பிள்ளைகள் படிக்கும் இடத்தைத் தாண்டி வர வேண்டும். தான் கட்டிய வீட்டில் அவர் விருந்தாளி போல நடந்துகொள்கிறார். யாரும் அவரை அப்படி நடத்தவில்லை என்று உம்மா சொல்வது உண்மைதான். அப்படி இல்லை என்று அவருக்குப் புரியும்படி நாங்கள் எதுவும் செய்யவில்லை என்பதும் உண்மைதான்.

தோழியரே, இதை விளங்கிக்கொள்வது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது. நாங்களும் இதையே செய்கிறோம். காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீர்ப் போத்தல் இரண்டு மணிக்கு அதே கனத்தோடு திரும்பிப் போகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் சிரிப்போம். இலங்கையில் எந்தப் பாடசாலையில் படித்த பெண்ணுக்கும் அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும். மலசலகூடத்துக்குப் போக விருப்பமில்லாதவர் தண்ணீரைக் குறைப்பார். பதினேழு வயதில் அதன் விலை ஒரு தலையிடி. எழுபத்தெட்டு வயதில் வைத்தியசாலைக் கட்டில்.

ஆகவே என் கருத்து இதுதான். முதியவர்களைத் தண்ணீர் குடிக்க வைப்பது குவளையில் ஆரம்பிப்பதில்லை, குளியலறைக்குப் போகும் பாதையில் ஆரம்பிக்கிறது. "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று முன்வாசலில் இருந்து சத்தம் போடுவதை நாங்கள் கவனிப்பு என்று நினைக்கிறோம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் வீடியோ அழைப்பில் "தண்ணி குடிச்சீங்களா உம்மா?" என்று கேட்க, இங்கிருந்து "குடிச்ச, குடிச்ச" என்று பதில் போகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாக "ராவைக்குப் பாத்ரூமுக்கு எப்படிப் போறீங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் பதில் வராது.

வைத்தியசாலையிலிருந்து வந்த அன்றே வாப்பா பின்வாசலுக்கு மின்குமிழ் பூட்டினார். பாசியைச் சுரண்டி, படியில் றப்பர் விரிப்புப் போட்டோம். இரவுக்கு மட்டும் மூத்தம்மாவை முன் அறைக்கு, என் கட்டிலுக்குப் பக்கத்துக்கு, கொண்டுவந்தோம். உள்ளே இருக்கும் குளியலறை அங்கிருந்து எட்டு அடி. மூன்று நாள் மறுத்தார். நாலாம் நாள், "எனக்குத் தனியப் படிக்கப் பயமா இருக்கு" என்று நான் ஒரு பொய் சொன்னேன். அல்லாஹ் மன்னிப்பானாக. எனக்கு உதவி செய்வதென்றால் உடனே வந்துவிட்டார்.

பிறகுதான் தண்ணீர். மூத்தம்மாவுக்கென்று ஒரு பேணி இருக்கிறது. அரை லீற்றர் போத்தலால் அளந்து பார்த்தேன், இரண்டரைப் பேணி நிறைந்தது. அப்படியென்றால் ஒரு பேணி 200 மில்லிலீற்றர். முதியவர்களின் போசாக்குக்கான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டல், பெண்களுக்கு ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது 1.6 லீற்றர், ஆண்களுக்கு 2 லீற்றர் குடிபானம் வேண்டும் என்கிறது. எட்டுப் பேணி. குளிர் நாட்டுக்காரர் சொன்ன கணக்கு அது, கச்சான் காலத்தில் கூடத்தான் வேண்டும். வைத்தியசாலைக்குப் போகுமுன் மூத்தம்மா குடித்ததை உம்மாவும் நானும் நினைவுபடுத்திக் கூட்டிப் பார்த்தோம். காலைப் பிளேன்டீ, பகல் சோற்றோடு கொஞ்சம், குளிசைக்கு இரண்டு மிடறு. மூன்று பேணி கூட வரவில்லை.

நேரம் வைத்து நினைவூட்டும் செயலி ஒன்றை என் தம்பி தொலைபேசியில் போட்டான். அது இரண்டு நாள் கத்திவிட்டு ஓய்ந்தது. மூத்தம்மாவுக்கு அதைவிட நல்ல மணி ஏற்கெனவே இருந்தது. தொழுகையை அவர் தவறவிடுவதில்லை. தஸ்பீஹை வைத்ததும் பேணி கையில் வர வேண்டும் என்று வைத்தோம். சுபஹ், லுஹர், அஸர், மஃரிப் நான்கும் முழுப் பேணி, இஷாவுக்குப் பிறகு அரை. மிச்சத்தைக் காலையிலும் பத்து மணிக்கும் சேர்த்துவிடலாம். பிளேன்டீ கணக்கில் வராது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வரும். கஞ்சியும் மோரும் ஆணமும் வரும். கச்சான் காலத்தில் தெருவோரம் குவிந்து கிடக்கும் வெள்ளரிப்பழமும் வத்தகப்பழமும் பெரும்பகுதி தண்ணீர்தான். சும்மா தண்ணீரை "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்று தள்ளுபவர் வெள்ளரிப்பழத்தைத் தள்ளுவதில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் பழத்தின் மேல் சீனி தூவாமல் இருந்தால் சரி. சோடாப் போத்தலை மட்டும் விருந்தாளிக்கே விட்டுவிடுங்கள்.

ஒரு விசயத்தில் நாங்கள் தடுமாறினோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மூத்தம்மா ஒரு மிடறும் குடிக்க மறுத்தார். காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டார். பிறகு உம்மாவின் காதில் சொன்னார்: ஒளு முறிந்துவிடும். முன்புபோல அடக்கிக்கொள்ள முடிவதில்லை, திரும்பத் திரும்ப ஒளுச் செய்ய முழங்கால் இடம் கொடுப்பதில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை மூத்தம்மாமார் இந்தக் காரணத்தை யாரிடமும் சொல்லாமல் காய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று அன்று நினைத்தேன். சிறுநீரை அடக்க முடியாதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அதன் ஒழுங்குகளை உம்மா எங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டு வந்து சொன்னார். ஆனால் பெண் ஒருவர் போய் இதைக் கேட்கக் கூச்சப்படுவார். பெண்களுக்கான மார்க்க வகுப்புகளில் ஹைழ், நிபாஸ் பற்றியெல்லாம் விளக்கமாகச் சொல்லித் தருகிறார்கள். முதுமையின் இந்தக் கஷ்டத்தையும் வெளிப்படையாகப் பேசினால் நல்லது. ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வைத்தோம், அதுவும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் ரமழான் ஜூன் மாதத்தில், சரியாகக் கச்சானில் வந்தது. அந்த வருடங்களில் மூத்தம்மா ஒரு நோன்பும் விடவில்லை என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். அப்போது அவரால் முடிந்தது. இப்போது முடியாது. நோன்பு நோற்க இயலாத முதியவர் ஒரு நாளைக்கு ஓர் ஏழைக்கு உணவு கொடுக்கலாம் என்று தெரிந்தும், ஊர் என்ன சொல்லும் என்று நினைத்துப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பகலில் குடிப்பதைப் பார்த்து, "நோன்பு இல்லையா?" என்று கேட்காமல் இருப்பதும் ஓர் உதவிதான்.

2003 ஆம் ஆண்டு ஓகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் வெப்ப அலை வந்து ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள் என்று வாசித்தேன். பெரும்பாலானோர் முதியவர்கள். அங்கே குழாயைத் திறந்தால் குடிக்கக்கூடிய தண்ணீர் வரும், வைத்தியசாலைகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஓகஸ்ட் அங்கே விடுமுறை மாதம், பலரின் பிள்ளைகள் ஊரில் இல்லை. அடுத்த வருடம் அந்த நாடு ஒரு விடுமுறை நாளை வேலை நாளாக்கி, அதில் வரும் பணத்தை முதியோருக்கு ஒதுக்கச் சட்டம் செய்தது. "எங்கட ஆக்கள் அப்படி விட மாட்டாங்க, நாங்க ஒண்டா இருக்கிறவங்க" என்று இதைக் கேட்டவர்கள் சொன்னார்கள். நானும் முன்பு அப்படித்தான் சொல்லியிருப்பேன். மூத்தம்மா ஆறு பேர் இருக்கும் வீட்டில்தான் காய்ந்துபோனார். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள். அந்த வீதம் கூடிக்கொண்டே போகிறது. கச்சானும் நிற்கப்போவதில்லை.

பெற்றோருக்கு இரண்டு எச்சரிக்கை. இதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்களுக்குத் தண்ணீரின் அளவை டொக்டர் கட்டுப்படுத்தியிருக்கலாம். எட்டுப் பேணி என்று என் கணக்கை அவர்களுக்குப் போட வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள். சிறுநீரக வருத்தக்காரருக்கு இளநீரும் ஜீவனியும்கூடக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், இரண்டிலும் பொட்டாசியம் இருக்கிறது. மற்றது, முதியவர் திடீரென்று ஆள் மாறிப் பேசினாலோ, நாள் முழுக்க நித்திரை தூங்கினாலோ, எழும்பும்போது தலை சுற்றினாலோ, ஒரு பகல் முழுக்கச் சிறுநீர் போகாமல் இருந்தாலோ அதை வயசின் மேல் போடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தோலைக் கிள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதியவர்களின் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும்.

இந்த வருடக் கச்சான் தொடங்கிவிட்டது. எனக்கு இது இறுதி வருடம், இரவில் நேரம் சென்றும் படிக்கிறேன். மூத்தம்மா இப்போது ஒரு தரம், சில நாள் இரண்டு தரம் எழும்புகிறார். கூப்பிட மாட்டார், பேணியால் கட்டில் சட்டத்தில் மெதுவாகத் தட்டுவார். போய் வந்ததும் இரண்டு மிடறு குடிப்பார். பிறகு பேணியை என்னிடம் நீட்டி, "நீயும் குடி. பகல் முழுக்கக் குடிச்சிருக்க மாட்டாய்" என்பார். அது எப்படி அவருக்குத் தெரியும் என்று நான் கேட்பதில்லை.

குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் பூட்ட வேண்டும். மாமா காசு அனுப்பி இரண்டு மாதமாகிறது. மேசன் பாஸ் வெள்ளிக்கிழமை கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை.